தாம்பரத்து வரிசைகளும் மார்க்கோவ் சங்கிலிகளும்

காலை எட்டு மணிக்குத் தாம்பரம் ரயில் நிலையத்து டிக்கெட் ஜன்னலின்முன் நிற்கும் ஒருவர், தமக்கு முன்னால் பதினோரு பேர் இருப்பதையும், உள்ளே இருப்பவர் ஒரு மூதாட்டிக்குச் சில்லறை எண்ணித் தந்துகொண்டிருப்பதையும், கடற்கரை செல்லும் மின்ரயில் புறப்பட ஆயத்தமாக நிற்பதாக ஒலிபெருக்கி அறிவிப்பதையும் ஒருசேர உணரும்போது, அவர் உள்ளத்தில் எழும் வினா ஒன்றே ஒன்றுதான்: இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்? சாமானிய மனிதனின் இந்த வினாவைக் கணித சாஸ்திரம் அலட்சியம் செய்துவிடவில்லை. அடுத்தவர் எப்போது வந்து சேருவார் என்பதும், ஒருவரைக் கவனித்து அனுப்ப எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதும் முன்கூட்டிச் சொல்ல இயலாதவையாக இருந்தபோதிலும், அந்த நிச்சயமின்மைக்குள்ளும் ஓர் ஒழுங்கு உறைந்திருப்பதைக் கண்டு, அதன் சராசரிகளைத் திட்டமாகக் கணக்கிட்டுத் தந்திருக்கிறது. வரிசைக் கோட்பாடு என்றும், அதற்கு அடித்தளமான தொடர்நேர மார்க்கோவ் சங்கிலி என்றும் வழங்கும் இத்துறை, இன்று நம் பொறியியல் மாணவர்கள் பரீட்சைக்காகப் படிக்கும் பாடமாகவும் இருக்கிறது. அதன் கணக்குகளை எவ்வாறு அணுகவேண்டும் என்பதைத் தாம்பரத்து உதாரணங்களைக் கொண்டே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

வரலாறு

இத்துறையின் வரலாறு நெடியதன்று. ரஷ்யக் கணித மேதை ஆந்திரேய் மார்க்கோவ், அடுத்த நிலை இப்போதைய நிலையை மட்டுமே பொறுத்ததாய், கடந்துபோன வரலாற்றைச் சாராததாய் இருக்கும் நிகழ்ச்சித் தொடர்களை 1906-ஆம் ஆண்டில் ஆராயத் தொடங்கினார். அவர் சங்கிலியில் காலம் படிப்படியாக நகர்ந்தது. அதற்கு மூன்றாண்டுகளுக்குப் பின், அவருடைய ஆராய்ச்சியோடு தொடர்பின்றி, கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் பணியாற்றிய ஏ. கே. எர்லாங், ஊரார் தத்தம் விருப்பப்படி பேச எடுக்கும் டெலிபோன் அழைப்புகள், ஒன்றையொன்று சாராத நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையை விவரிக்கும் பாய்சான் பரவலுக்கு இணங்க வருகின்றன என்பதை 1909-இல் எடுத்துக்காட்டி, எத்தனை இணைப்புகள் வைத்தால் எத்தனை அழைப்புகள் இடமின்றித் திரும்பும் என்பதற்கான சூத்திரத்தை 1917-இல் வெளியிட்டார். தடையின்றி ஓடும் காலத்தில் இத்தகைய மாற்றங்களை வகைக்கெழுச் சமன்பாடுகளால் எழுதிக் காட்டும் பொதுமுறையைக் கணித அறிஞர் கொல்மொகோரொவ் 1931-இல் நிலைநாட்டினார். அதே 1931-இல்தான் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர்கேஜ் பாதையில் மின்ரயில் ஓடத் தொடங்கியது. அந்த ரயிலோடு தாம்பரத்துக்கு வந்து சேர்ந்த வரிசைகளை விளக்கும் கணிதத்தின் பொதுமுறையும், மின்ரயிலும் ஒரே ஆண்டில் பிறந்தன என்பது நம் ஊரார் நினைவில் வைக்கத்தக்க செய்தி.

நம் தென்சென்னைக்கும் இத்துறையில் பங்கு உண்டு. விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்த் துகள்கள் காற்றுமண்டலத்தில் ஒன்று இரண்டாய், இரண்டு நான்காய்ப் பெருகும் விதத்தை ஆராய்ந்த அல்லாடி ராமகிருஷ்ணன், அதற்கென ஒரு புதிய நிகழ்தகவு முறையை 1950-இல் வெளியிட்டார். 1962 ஜனவரியில் அவர் தோற்றுவித்த கணித அறிவியல் நிறுவனம் இன்று தரமணியில் இருக்கிறது. அவர் வழியில் பயின்ற எஸ். கே. சீனிவாசன், 1959-இல் தொடங்கப்பெற்ற சென்னை ஐ.ஐ.டி.யில் இத்தகைய சமவாய்ப்பு நிகழ்ச்சிகளின் ஆராய்ச்சியை வளர்த்தார். ஆதலின் இந்தச் சாஸ்திரத்தை எங்கோ பிறந்து நமக்குப் பாடமாக மட்டும் வந்து சேர்ந்த சரக்கு என்று நம் மாணவர்கள் எண்ணவேண்டியதில்லை.

அடிப்படை

கணக்கில் இறங்குமுன் இரண்டு அனுமானங்களை விளங்கிக்கொள்ளவேண்டும். முதலாவது, வருகை பற்றியது. சேலையூரிலும் முடிச்சூரிலும் பெருங்களத்தூரிலும் ஆயிரக்கணக்கான வீடுகளிலிருந்து, ஒருவரையொருவர் கலந்துகொள்ளாமல், தத்தம் வேலை முடிந்ததும் புறப்பட்டு வருபவர்களின் வருகை பாய்சான் பரவலுக்கு நெருங்கியதாக இருக்கும். இரண்டாவது, சேவை நேரம் பற்றியது. அது அடுக்குக்குறிப் பரவலைச் சார்ந்தது என்று கொண்டால், அதற்கு நினைவின்மை என்னும் விசித்திரமான குணம் வந்துவிடுகிறது. ஜன்னலில் இருப்பவர் ஒருவரோடு ஏற்கெனவே மூன்று நிமிஷங்கள் செலவிட்டிருந்தாலும், அவரை அனுப்ப இன்னும் ஆகும் நேரத்தின் சராசரி, இப்போதுதான் தொடங்கியவருக்கு ஆகும் சராசரியே. அனுபவத்துக்கு இது சற்று முரணாகத் தோன்றினாலும், இந்தக் குணம் இருப்பதனால்தான் யார் எப்போது வந்தார், எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்னும் வரலாறு முழுவதையும் மறந்துவிட்டு, இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்னும் ஒரே எண்ணைக் கொண்டு எதிர்காலத்தைக் கணிக்க முடிகிறது. அந்த எண்ணே சங்கிலியின் நிலை. ஒரு நிலையில் கழியும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அதிலிருந்து இன்னொன்றுக்குச் சராசரியாக எத்தனை முறை தாவல் நிகழும் என்பதே வீதம். நிலைகளை வட்டங்களாகவும் வீதங்களை அம்புகளாகவும் வரைந்துவிட்டால், கணக்கின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது என்பதே நான் இக்கட்டுரையில் வற்புறுத்த விரும்பும் கருத்து.

ஒரு சலூன் கணக்கு

பாடப்புத்தகங்களில் மீண்டும் மீண்டும் வரும் முடிதிருத்துபவர் கணக்கையே மேற்குத் தாம்பரத்துச் சிறு சலூன் ஒன்றில் வைத்துப் பார்ப்போம். முடிதிருத்துபவர் ஒருவர், வேலைக்குரிய நாற்காலி ஒன்று, காத்திருப்பவர்களுக்கு ஸ்டூல்கள் இரண்டு. இரண்டும் நிறைந்திருக்கக் கண்டவர் நில்லாமல் போய்விடுவார். மணிக்குச் சராசரி 3 பேர் வருகிறார்கள். முடிதிருத்துபவரால் மணிக்கு 4 பேருக்கு வேலை முடிக்க இயலும் என்று கொள்வோம். உள்ளே இருப்போர் தொகை 0, 1, 2, 3 ஆகிய நான்கில் ஒன்றாகத்தான் இருக்கமுடியும். நான்கு வட்டங்கள் வரைக. வலப்பக்கம் செல்லும் ஒவ்வோர் அம்பின்மீதும் 3 என்றும், இடப்பக்கம் திரும்பும் ஒவ்வோர் அம்பின்மீதும் 4 என்றும் எழுதுக. கடைசி வட்டத்திலிருந்து வலப்பக்கம் அம்பு இல்லை என்பதையும், முதல் வட்டத்திலிருந்து இடப்பக்கம் அம்பு இல்லை என்பதையும் கவனிக்க.

இனி நியாயம் ஒன்றே: நெடுநேரம் கழிந்து நிலைமை சமனடைந்தபின், அடுத்தடுத்த இரண்டு வட்டங்களுக்கு நடுவே ஒரு கோடு கிழித்தால், அந்தக் கோட்டை வலப்பக்கமாகக் கடக்கும் தாவல்களும் இடப்பக்கமாகக் கடக்கும் தாவல்களும் சராசரியில் சமமாக இருந்தே தீரவேண்டும். ஆகவே ஒவ்வொரு நிலையின் நிகழ்தகவும் அதற்கு முந்தியதில் முக்கால் பங்கு. நான்கும் 64, 48, 36, 27 என்னும் விகிதத்தில் அமைகின்றன, கூட்டுத்தொகை 175. கடை வெறுமையாக இருப்பதற்கான நிகழ்தகவு 175-இல் 64. நிறைந்திருப்பது 175-இல் 27, அதாவது ஏறத்தாழ 15.4 சதவீதம். நூறு பேர் வந்தால் பதினைந்து பேர் திரும்பிப் போகிறார்கள் என்பது இதன் பொருள்.

விடை சரிதானா என்று சோதிக்கும் வழியும் படத்திலேயே இருக்கிறது. உள்ளே நுழைபவர்கள் மணிக்கு 3-ஐ 175-இல் 148 பங்கால் பெருக்கிய தொகை. வேலை முடிந்து வெளியேறுபவர்கள் மணிக்கு 4-ஐ 175-இல் 111 பங்கால் பெருக்கிய தொகை. இரண்டும் 175-இல் 444 என்று ஒன்றாகவே வருகின்றன. உள்ளே இருப்போரின் சராசரித் தொகை 175-இல் 201. உள்ளே நுழைந்த ஒருவர் எவ்வளவு நேரம் இருப்பார் என்று அறிய, ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதியைக் கையாளவேண்டும்: சராசரித் தொகையை நுழைவு வீதத்தால் வகுத்தால் சராசரி நேரம் கிடைக்கும். இவ்விடத்தில்தான் மாணவர்கள் வழக்கமாக இடறுகிறார்கள். கணக்கில் கொடுத்திருக்கும் 3-ஆல் வகுத்து 23 நிமிஷம் என்று எழுதிவிடுகிறார்கள். திரும்பிப் போனவர்கள் உள்ளே இருக்கவே இல்லையாதலின், உண்மையில் நுழைந்தவர்களின் வீதத்தால் வகுக்கவேண்டும். சரியான விடை ஏறக்குறைய 27 நிமிஷம்.

இன்னொரு பிழையையும் இங்கேயே சொல்லிவிடலாம். அம்பின்மீது எழுதியவை வீதங்களேயன்றி நிகழ்தகவுகள் அல்ல. ஒருவர் மட்டும் உள்ளே இருக்கும்போது வருகையும் வேலை முடிவும் இரண்டு கடிகாரங்கள்போல் போட்டியிடுகின்றன. இரண்டில் ஏதேனும் ஒன்று நிகழும் வீதம் 7. ஆகவே அந்த நிலை சராசரியாக ஒரு மணியில் ஏழில் ஒரு பங்கு நீடிக்கும். முதலில் நிகழ்வது வேலை முடிவாக இருப்பதற்கு நிகழ்தகவு 7-இல் 4. வீதங்களை அட்டவணையாக அடுக்கிய வீத அணியின் மூலைவிட்டத்தில் அந்த நிலைக்கு நேராக 7-ஐக் குறை எண்ணாக எழுதுவதன் காரணமும் இதுவே. காரணம் தெரியாமல் அந்த எண்ணை மனப்பாடம் செய்தவருக்கு, தொடர்நேரச் சங்கிலியும் படிநேரச் சங்கிலியும் ஒன்றோடொன்று குழம்பிப்போகும்.

இப்போது கணக்கைச் சற்று மாற்றுவோம். மூன்று பேர் சேர்ந்துவிட்டால் பின்னறையிலிருந்து முடிதிருத்துபவரின் தம்பியும் வந்து கைகொடுக்கிறார் என்க. இதற்குச் சூத்திர அட்டவணையில் இடமில்லை. படத்திலோ கடைசி வட்டத்திலிருந்து திரும்பும் அம்பின்மீது 4-ஐ அழித்து 8 என்று எழுதினால் போதும். விகிதங்கள் 128, 96, 72, 27 என்றாகின்றன, கூட்டுத்தொகை 323, திரும்பிப் போவோர் 8.4 சதவீதமாகக் குறைகிறார்கள். சூத்திரம் கைவிட்ட இடத்திலும் படம் கைவிடுவதில்லை.

ஜன்னல் ஒன்றும் ஜன்னல் இரண்டும்

சலூனில் இடம் வரையறைப்பட்டது; டிக்கெட் ஜன்னலிலோ வரிசை எவ்வளவு வேண்டுமானாலும் நீளலாம். டேவிட் கெண்டல் 1953-இல் வகுத்த குறியீட்டில் எம்/எம்/1 என்று வழங்கும் இந்த அமைப்பில், வட்டங்கள் முடிவின்றித் தொடர்கின்றன. நிகழ்தகவுகள் பெருக்குத் தொடராக அமைகின்றன. ஜன்னலில் மணிக்கு 60 பேரைக் கவனிக்க இயலும் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 பேர் வந்தால் ஒருவர் வந்து டிக்கெட்டுடன் வெளியேற ஆகும் சராசரி நேரம் 6 நிமிஷம். 54 பேர் வந்தால் 10 நிமிஷம். 57 பேர் வந்தால் 20 நிமிஷம். ஐம்பதுக்குமேல் ஏழே ஏழு பேர் கூடியதற்குக் காத்திருப்பு மும்மடங்குக்கு மேலாகிவிட்டது. வரிசை நீண்டுவிட்டால் உள்ளே இருப்பவர் சோம்பேறி என்று குறை சொல்வது நம் வழக்கம். அவர் ஒரு நொடியும் வீணாக்காமல் வேலை செய்தபோதும், சுமை முழுமையை நெருங்க நெருங்க வரிசை பன்மடங்கு பெருகும் என்பதே கணிதம் தரும் தீர்ப்பு. அதே காரணத்தால், நெருக்கடியில் சிறிதளவு உதவியும் பெரும்பயன் தரும்.

இனி மணிக்கு 108 பேர் வருகிறார்கள். ஒவ்வொன்றும் மணிக்கு 60 பேரைக் கவனிக்கும் ஜன்னல்கள் இரண்டு என்க. ஒவ்வொன்றின் முன்னும் தனித்தனி வரிசை நின்றால், ஒருவருக்குச் சராசரி 10 நிமிஷம். எல்லாரும் ஒரே வரிசையில் நின்று, எந்த ஜன்னல் காலியாகிறதோ அதற்குச் செல்வதானால் 5.26 நிமிஷம். ஆள் கூடவில்லை, செலவு கூடவில்லை. ஒரு கயிற்றைக் கட்டி வரிசையை ஒன்றாக்கியதனால் மட்டும் நேரம் ஏறத்தாழப் பாதியாகிறது. ஒரு ஜன்னல் வெறுமையாயிருக்க, மறு ஜன்னலில் மக்கள் நிற்கும் அவலம் பொதுவரிசையில் நேர்வதில்லை என்பதே காரணம்.

சராசரி மட்டுமன்றி மாறுபாடும் வரிசையை நீட்டுகிறது என்பதைக் கணித அறிஞர்களான பொல்லாசெக் 1930-இலும் கின்சின் 1932-இலும் சூத்திரமாக்கினார்கள். மணிக்கு 50 பேர் வரும் முந்தைய கணக்கில், ஒவ்வொருவருக்கும் சரியாக ஒரே நிமிஷம் ஆகும் என்று கொண்டால், ஜன்னலை அடையக் காத்திருக்கும் நேரம் 5 நிமிஷத்திலிருந்து இரண்டரை நிமிஷமாகக் குறைகிறது. வேலையின் வேகம் சிறிதும் கூடவில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் பரனூர் சுங்கச்சாவடியைக் கடப்பவர்கள் இதைப் பிரத்தியட்சமாக எண்ணிப் பார்க்கலாம். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமாக்கப்பட்டதன் பயன், ஒரு வண்டிக்கு ஆகும் நேரம் குறைந்ததில் மட்டும் இல்லை. ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டிச் சில்லறைக்கு நிற்கும் ஒரு வண்டியால் பின்னால் நிற்கும் அத்தனை வண்டிகளும் தாமதப்படும் ஏற்றத்தாழ்வு நீங்கியதிலும் இருக்கிறது.

இந்த ஏற்றத்தாழ்வு பேருந்துக்கு நிற்பவரையும் விடுவதில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒன்றாகத் தவறாமல் பேருந்து வந்தால், நினைத்த நேரத்தில் நிறுத்தத்துக்கு வருபவர் சராசரி 5 நிமிஷம் நிற்பார். இரண்டு பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிவந்து, இடைவெளிகள் 2 நிமிஷமும் 18 நிமிஷமுமாக மாறி மாறி அமைந்தால், சராசரி இடைவெளி அதே 10 நிமிஷமாக இருந்தும், அவர் 8.2 நிமிஷம் நிற்கவேண்டும். நீண்ட இடைவெளியில் வந்து மாட்டிக்கொள்வோரே பெரும்பாலோர். குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் நிற்பவர், எனக்கென்று பேருந்து தாமதமாகவே வருகிறது என்று நொந்துகொள்வதில் கணித நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

வரிசையிலிருந்து வரிசைக்கு

அரசு மருத்துவமனைக்குச் செல்பவர் ஒரு வரிசையோடு தப்புவதில்லை. ஓ.பி. சீட்டு, டாக்டர், பரிசோதனை, மறுபடி டாக்டர், மருந்து என்று வரிசைகள் தொடர்கின்றன. இத்தகைய வலைப்பின்னலில் வருகை பாய்சானாகவும் சேவை அடுக்குக்குறியாகவும் இருந்தால், சமநிலையில் ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியே கணக்கிட்டுக்கொள்ளலாம் என்று ஜே. ஆர். ஜாக்சன் 1957-இல் காட்டினார். ஆயினும் முதலில் ஒவ்வோரிடத்துக்கும் உண்மையில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று கண்டாகவேண்டும். மணிக்கு 40 பேர் சீட்டு வாங்கி டாக்டரிடம் செல்ல, டாக்டர் பார்ப்போரில் ஐந்தில் ஒரு பங்கினர் பரிசோதனைக்குப் போய்த் திரும்புகிறார்கள் என்றால், டாக்டரின் முன் வருவோர் மணிக்கு 40 பேர் அல்லர். திரும்பி வருவோரையும் சேர்த்து 50 பேர். இங்கும் அம்புகளை வரைந்தவர் தவறமாட்டார். வினாத்தாளில் அச்சாகியிருக்கும் எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டவர் தவறிவிடுவார்.

எல்லை

எந்தச் சாஸ்திரத்துக்கும் எல்லை உண்டு. இதுவரை சொன்னவை யாவும் நெடுநேரம் ஒரே தன்மையில் நடக்கும் அமைப்புக்கே பொருந்தும். வரிசை எவ்வளவு வேண்டுமானாலும் நீளக்கூடிய இடத்தில், வருகை, சேவை வீதத்தை மிஞ்சினால் சமநிலை என்பதே இல்லை. மணிக்கு 60 பேரைக் கவனிக்கக்கூடிய ஜன்னலுக்கு 3 மணி நேரம் 80 பேர் வீதம் வந்தால் 60 பேர் தேங்குவார்கள்; பின்னர் வருகை 50-ஆகக் குறைந்தபோதிலும் அந்தத் தேக்கம் வடிய 6 மணி நேரம் பிடிக்கும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய இரவுகளில் பெருங்களத்தூரில் ஊர்செல்லக் கூடிநின்ற மக்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதன்று. 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டபின் கூட்டத்தின் இடம் மாறியிருக்கலாம். கணக்கின் நியாயம் மாறவில்லை. அவ்வாறே, முடிச்சூர்ப் பேருந்து வந்து நின்றவுடன் முப்பது பேர் ஒரேயடியாக ஜன்னலுக்கு ஓடிவந்தால் அது பாய்சான் வருகையாகாது. அனுமானம் பொய்த்த இடத்தில் சூத்திரம் பிசகின்றிப் போடப்பட்டிருந்தாலும் விடை பொய்யே.

பரீட்சையும் பயனும்

அண்ணா பல்கலைக்கழகம் தன் கணினிப் பொறியியல் மாணவர்களுக்கு ‘ப்ராபபிலிட்டி அண்டு கியூயிங் தியரி’ என்னும் பெயரிலேயே ஒரு பாடத்தை நான்காம் பருவத்தில் வைத்து நடத்தியிருக்கிறது. 1949-இல் குரோம்பேட்டையில் தோன்றி, 1978-இல் அப்பல்கலைக்கழகத்தோடு இணைந்த எம்.ஐ.டி. முதலாக, வண்டலூர்வரை இப்பக்கத்துக் கல்லூரிகளில் படித்தவர் பலர் இதைக் கடந்து வந்தவர்கள். அவர்களில் பலருக்கு நினைவிருப்பது வருகை வீதத்தைக் குறிக்கும் லாம்டாவும் சேவை வீதத்தைக் குறிக்கும் மியூவும் நிறைந்த ஒரு சூத்திர அட்டவணையே. அந்த அட்டவணை பயனற்றதென்று நான் சொல்லவில்லை. பரீட்சை மண்டபத்தில் மூன்று மணி நேரத்துக்குள் எழுதி முடிக்க அது உதவும். ஆனால் அது விடையின் சுருக்கமேயன்றிச் சிந்தனையின் தொடக்கம் ஆகாது. நிலைகள் எவை, தாவல்கள் எவை, வீதங்கள் எவை என்று கேட்டுப் படம் வரைந்து, ஒரு கோட்டின் இருபுறமும் ஓட்டம் சமமென்று எழுதத் தெரிந்த மாணவனுக்கு அட்டவணை மறந்துபோனாலும் நஷ்டமில்லை. அவனே அதை மறுபடியும் வருவித்துக்கொள்வான்.

ஆகவே இப்பாடம் படிக்கும் இளைஞர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு நாள் காலை தாம்பரம் நிலையத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு செல்லுங்கள். ஐந்து நிமிஷத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று ஒரு மணி நேரம் எண்ணுங்கள். அந்தப் பன்னிரண்டு எண்களின் சராசரியையும் பரவற்படியையும் கணக்கிட்டு, பாய்சான் பரவலில் இருக்கவேண்டியபடி இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொருவருக்கும் ஜன்னலில் ஆகும் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குத் திரும்பி வட்டங்களையும் அம்புகளையும் வரையுங்கள். புத்தகத்தை அதற்குப் பிறகு திறங்கள்.